2.69 என்ற எண்ணின் பயணம்: சர்க்கரை, ஆன்டிபயாடிக், கல்லீரல்

"சுகர் இருக்கிறவங்க ஆன்டிபயாடிக் சாப்பிட்டா லிவர் போயிடும்." இந்த வாக்கியத்தை ஏதோ ஒரு வடிவத்தில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். வாட்ஸ்அப்பில் வரும்போது மிரட்டலாக இருக்கும். ஆங்கில ஹெல்த் இணையதளங்களில் கொஞ்சம் நாகரிகமாக, "நீரிழிவு ஒரு ஆபத்துக் காரணி" என்று இருக்கும். இரண்டும் சொல்வது ஒன்றுதான். இதற்கு ஆதாரம் என்ன என்று தேடிப் படித்தேன். ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், ஆரம்பிக்கவும் வேண்டாம். ஒரு எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் விஷயம்.

எண் எங்கிருந்து வந்தது

நூல் பிடித்துக்கொண்டே போனால் பெரும்பாலும் 2008-இல் 'காஸ்ட்ரோஎன்டராலஜி' இதழில் வந்த ஒரு கட்டுரையில் போய் நிற்கும். நாகா சலசானி தலைமையில், அமெரிக்காவின் ஐந்து மையங்கள் சேர்ந்து, மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 300 பேரின் விவரங்களைத் திரட்டிய ஆய்வு. அந்த 300 பேரில் 45.5 சதவீதம் பேருக்குக் காரணம் ஆன்டிபயாடிக் முதலான கிருமிக்கொல்லிகள். அதே கட்டுரையில்தான், நீரிழிவு இருப்பவர்களுக்குப் பாதிப்பு கடுமையாக இருப்பதற்கான விகிதம் 2.69 என்று வருகிறது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், "சுகர் இருந்தால் ஆன்டிபயாடிக் கல்லீரலைத் தாக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்குக்கும் மேல்" என்று ஒரு வாக்கியம் தானாகப் பிறந்துவிடும். அந்த வாக்கியம் கட்டுரையில் இல்லை. இருக்கவும் முடியாது.

கட்டுரை கேட்ட கேள்வி வேறு. ஏற்கனவே கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களில் யாருக்குப் பாதிப்பு கடுமையாக இருந்தது என்பதே அது. மழையில் நனைந்தவர்களில் யாருக்குக் காய்ச்சல் அதிகம் என்று கேட்பது ஒரு கேள்வி. யார் மழையில் மாட்டுவார்கள் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவது கேள்விக்குப் பதிலாகக் கொடுக்க முடியாது.

இன்னொன்று. அந்த 2.69-க்குப் பக்கத்தில் ஒரு வீச்சும் கொடுத்திருக்கிறார்கள்: 1.14 முதல் 6.45 வரை. அதாவது உண்மையான விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். வேகாத்தாவது எடைபோட்ட தராசு மாதிரி "ஒரு கிலோவிலிருந்து ஆறு கிலோவுக்குள்" என்று சொன்னால் நாம் அதை வைத்துக் காசு கொடுப்போமா? ஆய்வாளர்கள் மேல் குறை இல்லை, அவர்கள் வீச்சை மறைக்கவில்லை. அதை எடுத்து எழுதியவர்கள்தான் 2.69-ஐ மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

பகுதி இல்லாத பின்னம்

எங்கள் தொழிலில் பக் லிஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒரு ஆப்பில் இந்த மாதம் நூறு புகார், அதில் ஐம்பது ஒரு குறிப்பிட்ட போன் மாடலில் இருந்து. உடனே அந்த மாடலில் ஆப் மோசம் என்று சொல்லிவிடலாமா? மொத்தப் பயனர்களில் பாதிப் பேர் அந்த மாடல்தான் வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த ஐம்பதுக்கு அர்த்தமே இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்த பின்னம்தான் இது. மேலே தொகுதி, கீழே பகுதி. பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல் தொகுதியை மட்டும் தரும். மருந்து சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற பகுதி அதில் இருக்காது.

பகுதியும் சேர்ந்து கிடைத்த அபூர்வமான இடம் ஐஸ்லாந்து. சின்ன நாடு, யார் எந்த மருந்து வாங்கினார்கள் என்பது தேசியப் பதிவேட்டில் இருக்கிறது. ஐனார் பியோர்ன்சன் குழு 2010, 2011 இரண்டு ஆண்டுகளில் நாடு முழுக்க 96 பேரைக் கண்டுபிடித்து 2013-இல் வெளியிட்டது. ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 19 பேர். அதிகம் சிக்கிய மருந்து அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட். நம்ம ஊரில் ஆக்மென்டின் என்ற பெயரிலும், இன்னும் பல பெயர்களிலும் விற்கும் அதே மாத்திரை. வெளிநோயாளிகளில் அதைச் சாப்பிட்ட சுமார் 2,350 பேரில் ஒருவருக்குக் கல்லீரல் பாதிப்பு.

இப்போது வாட்ஸ்அப் வாக்கியத்தை இந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள். ஒரு வாதத்துக்காக, சுகர் இந்த ஆபத்தை இரண்டு மடங்காக்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 2,350 பேரில் இரண்டு பேர். மீதி 2,348 பேருக்கு லிவர் எங்கேயும் போகவில்லை. காலில் புண் சீழ் பிடித்து, அதற்காக இந்த மாத்திரை எழுதப்பட்ட ஒரு சுகர் பேஷண்ட் பயந்துபோய் அதைச் சாப்பிடாமல் விட்டால், அவர் பணயம் வைப்பது தன் காலை.

ஆனால் ஆபத்து சின்னது என்பதற்காக அதைத் தூக்கிப்போடவும் கூடாது. இந்த மாத்திரையின் பாதிப்பு ஒரு விசித்திரமான பழக்கம் உள்ளது. கோர்ஸ் முடிந்து சில வாரங்கள் கழித்துக்கூட மஞ்சள் காமாலை தலைகாட்டலாம். அப்போது யாருக்கும் அந்த மாத்திரை ஞாபகத்தில் இருக்காது. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கியிருந்தால் எழுத்திலும் இருக்காது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள அட்டவணை எச்1 விதிப்படி, 46 மருந்துகளின் விற்பனையைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் டிபி மருந்துகளும், செஃபிக்ஸைம் போன்றவையும் இருந்தன. தெருவுக்குத் தெரு ஓடும் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டும் அஸித்ரோமைசினும் இல்லை. ஐஸ்லாந்துக்காரர்களிடம் இருந்த பகுதி நம்மிடம் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்ம ஊர்க் கணக்கு வேறு

அமெரிக்க, ஐரோப்பியக் கட்டுரைகளை அப்படியே தமிழில் மாற்றிப் போடும் பதிவுகள் மேல் என் பெரிய குறையே இதுதான். அங்கே வில்லன் ஆக்மென்டின். இங்கே இல்லை.

பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையின் ஹர்ஷத் தேவர்பாவி குழு 2010-இல் ஒரே மையத்தின் 313 நோயாளிகளைப் பற்றி எழுதியது. அதில் 58 சதவீதம் டிபி மருந்துகளால். பிறகு பல மையங்கள் சேர்ந்த இந்திய வலையமைப்பு 2021-இல் 1,288 பேரின் கணக்கைத் தந்தது. டிபி மருந்துகள் 46.4 சதவீதம். ஆயுர்வேதம், மூலிகை முதலான மாற்று மருந்துகள் 13.9. டிபி தவிர்த்த மற்ற எல்லாக் கிருமிக்கொல்லிகளும் சேர்த்தே 6.5தான். இறந்தவர்கள் 12.3 சதவீதம்.

ரிஃபாம்பிசினும் ஆன்டிபயாடிக்தான். ஆறு மாதம் தினமும் சாப்பிடும் ஆன்டிபயாடிக். ஐஸோநியாஸிட், பைராஸினமைட் இரண்டும் கூடச் சேரும், மூன்றுமே கல்லீரலைத் தொடக்கூடியவை. இதைப் பற்றி நம்மிடம் பழைய, நல்ல ஆவணம் இருக்கிறது. 1956-இல் டிபி நோயாளியை சானடோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்ற ஆய்வைத் தொடங்கி உலகத்துக்கே வழிகாட்டிய சென்னை மையம், 1986-இல் தென்னிந்திய நோயாளிகளின் கல்லீரல் பாதிப்பைப் பற்றி 'டியூபர்க்கிள்' இதழில் எழுதியது. நுரையீரல் டிபிக்கு 2 முதல் 8 சதவீதம். மூளை உறை டிபி வந்த குழந்தைகளில் 16 முதல் 39 சதவீதம். 2,350-இல் ஒன்று எங்கே, நூற்றுக்கு இரண்டு முதல் எட்டு எங்கே! தமிழ்நாட்டில் இந்தத் தலைப்பில் யாராவது எழுத உட்கார்ந்தால் ஆரம்பிக்க வேண்டிய இடம் டிபி வார்டு.

ராயபுரம் கட்டுரை

சுகர் இதில் எங்கே நுழைகிறது? 2012-இல் 'பிளாஸ் ஒன்' இதழில் ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் விஜய் விஸ்வநாதன் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. தமிழ்நாட்டின் சில டிபி பிரிவுகளில் பதிவான 827 நோயாளிகளைச் சோதித்ததில் 25.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, இன்னொரு 24.5 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய நிலை. ஏறத்தாழ இரண்டில் ஒருவர்.

நான் விரும்பிப் படித்த கட்டுரை இது. பழைய சீட்டைப் பார்த்து "சுகர் உண்டு, இல்லை" என்று எழுதாமல், முன்பே நீரிழிவு தெரியாதவர்களுக்கு குளுக்கோஸ் குடிக்கவைத்து முறையாகச் சோதித்திருக்கிறார்கள். தகுதியான 904 பேரில் 827 பேர் கலந்துகொண்டார்கள், அதுவும் நல்ல விகிதம். ஆனாலும் சில கேள்விகள் உண்டு.

ஒன்று, டிபி மாதிரி ஒரு தொற்று உடம்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போது சுகர் தற்காலிகமாக ஏறும். சிகிச்சை முடிந்ததும் சிலருக்கு இறங்கிவிடும். ஒருமுறை மட்டும் எடுத்த அளவில் அவர்களும் எண்ணிக்கையில் விழுந்திருக்கலாம். இரண்டு, உட்கார்ந்து செய்யும் வேலை நீரிழிவு வாய்ப்பை 1.69 மடங்காக்குகிறது என்கிறது கட்டுரை. காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது எனக்கு ஒரே சந்தேகம். பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பவர், கால் மிதித்துக்கொண்டே இருக்கிறது, கை நாடா எறிந்துகொண்டே இருக்கிறது. அவர் எந்தப் பெட்டியில் விழுவார்? உட்கார்ந்த வேலையா, உடலுழைப்பா? அலுவலக நாற்காலிக்காகச் செய்த பெட்டிகளில் தறிக்குழி அடங்காது.

மூன்றாவதுதான் நம் விஷயம். இந்தக் கட்டுரையில் கல்லீரல் இல்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் கேட்ட கேள்வி அது இல்லை. ஆனால் "டிபி நோயாளிகளில் நாலில் ஒருவருக்கு சுகர்" என்ற இவர்களுடைய எண்ணையும், "டிபி மருந்து கல்லீரலைத் தாக்கும்" என்ற பெங்களூரு எண்ணையும், "சுகர் இருந்தால் கடுமை" என்ற அமெரிக்க எண்ணையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஒரு கோபுரம் கட்டுகிறார்கள் பாருங்கள், அதைத்தான் குறை சொல்கிறேன். மூன்று செங்கல்லும் வேறு வேறு சூளை. நடுவில் சாந்து இல்லை. டிபி மருந்து சாப்பிடும் சுகர் நோயாளிக்குக் கல்லீரல் பாதிப்பு அதிகமா என்று நேரடியாகக் கேட்ட ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை.

சந்தேகத்துக்கு இடம் இல்லாமல் இல்லை. ஐஸோநியாஸிட்டை உடைக்கும் வழிகளில் சிஒய்பி2இ1 என்ற நொதிக்குப் பங்கு உண்டு. உடல் பருமன், கொழுப்புக் கல்லீரல், நீரிழிவு ஆகியவற்றில் அந்த நொதி அதிகமாக வேலை செய்கிறது. எனவே நச்சுப் பொருள் கூடலாம் என்று ஊகிக்க வழி இருக்கிறது. ஊகம் நல்ல ஊகம்தான். ஆனால் ஊகத்தை வைத்து மருந்தை நிறுத்தக் கூடாது.

எழுபது என்ற ஆரம்பப் புள்ளி

என் பார்வையில் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டைப் 2 நீரிழிவு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கொழுப்புக் கல்லீரல் உண்டு. 2019-இல் வந்த உலகளாவிய தொகுப்பு 55.5 சதவீதம் என்கிறது. இவர்களில் பலருக்கு மாத்திரை தொடும் முன்பே எஸ்ஜிபிடி கொஞ்சம் ஏறித்தான் இருக்கும்.

மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் வரம்பு இது: வாந்தி, பசியின்மை, மஞ்சள் காமாலை போன்ற அறிகுறி இருந்தால் எஸ்ஜிபிடி இயல்பின் மேல் வரம்பைப் போல மூன்று மடங்கு, அறிகுறி இல்லாவிட்டால் ஐந்து மடங்கு தாண்டும்போது டிபி மருந்தை நிறுத்திப் பார்ப்பது. மேல் வரம்பு 40 என்றால் 120, 200. இருபதில் ஆரம்பித்தவர் 120-ஐத் தொட்டால் ஆறு மடங்கு ஏற்றம். எழுபதில் ஆரம்பித்த சுகர்காரர் 120-ஐத் தொட்டால் இரண்டு மடங்குகூட இல்லை. இரண்டும் ஒரே நிகழ்வா? ஆரம்பத்தில் ஒரு டெஸ்ட் எடுத்து வைக்காவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. மருந்தைத் தேவையில்லாமல் நிறுத்துவதும் நடக்கும், "அவருக்கு எப்பவுமே கொஞ்சம் ஏறித்தான் இருக்கும்" என்று நிஜமான பாதிப்பை விடுவதும் நடக்கும். பழைய லாக் இல்லாமல் சர்வர் ஏன் மெதுவாக இருக்கிறது என்று தேடுகிற கதைதான்.

அதே அமெரிக்க வலையமைப்பு 2015-இல் 899 பேரை வைத்து மறுபடியும் எழுதியது. முன்பே கல்லீரல் நோய் இருந்தவர்களில் இறப்பு 16 சதவீதம், இல்லாதவர்களில் 5.2. வாட்ஸ்அப்பில் சுற்ற வேண்டிய எண் இதுதான். கேட்க வேண்டிய கேள்வி "உங்களுக்கு சுகர் இருக்கா" என்பதோடு நிற்காமல், "உங்க கல்லீரல் இப்ப எப்படி இருக்கு" என்றும் போக வேண்டும்.

கல்லீரலைப் பார்த்து சுகரை விட்ட கதை

ஆன்டிபயாடிக் நீரிழிவு நோயாளிக்கு நிரூபணமாகச் செய்த கெடுதல் ஒன்று உண்டு. அதற்கும் கல்லீரலுக்கும் சம்பந்தம் இல்லை. கேட்டிஃப்ளாக்ஸசின் என்ற மாத்திரை. 2006-இல் கனடாவின் ஒன்டாரியோவில் முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், வேறு வகை ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்டால் சுகர் ஆபத்தாக இறங்கும் வாய்ப்பு 4.3 மடங்கு, ஏறும் வாய்ப்பு 16.7 மடங்கு என்று வந்தது. நீரிழிவு இல்லாதவர்களுக்கும் அதே நிலைதான். அந்த ஆண்டே அமெரிக்கக் கம்பெனி மருந்தைத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் தடை வந்தது 2011 மார்ச்சில். நடுவில் ஐந்து வருடம்.

டிபியிலும் அதே பாடம். ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிடும். அதனால் மற்ற மாத்திரைகள் சீக்கிரம் கரைந்து வெளியேறிவிடும். ஃபின்லாந்தில் ஆரோக்கியமானவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் இரத்தத்தில் இருக்கும் கிளிமெபிரைடு 34 சதவீதம், கிளிபென்கிளமைடு 39 சதவீதம் குறைந்தது. அதாவது டிபி மாத்திரை ஆரம்பித்தபின் அதே சுகர் மாத்திரை, அதே சாப்பாடு, ஆனால் சுகர் ஏறும். டிபி கோர்ஸ் முடிந்து ரிஃபாம்பிசின் நின்றதும் நிலைமை தலைகீழ். கூட்டிவைத்த டோஸைக் குறைக்காவிட்டால் சுகர் இறங்கி மயக்கம் வரலாம். கல்லீரலைப் பற்றி எழுதும் நூறு பதிவுக்கு இதைப் பற்றி ஒரு பதிவுகூட என் கண்ணில் படவில்லை.

எங்கள் தெருவில் தறி நெய்யும் ஒரு பெரியவர், சுகர் உள்ளவர், டிபி மாத்திரையை மூன்றாவது வாரம் நிறுத்தினார். கேட்டபோது சொன்னார்: "டிபி மாத்திரையும் சுகர் மாத்திரையும் சேர்த்துப் போட்டா ஈரல் வெந்துடுமாம் தம்பி. பாரு, ஒண்ணுக்கே செகப்பா போகுது." அந்தச் சிவப்பு ரிஃபாம்பிசினின் நிறம். சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சாகும், அது பாதிப்பு இல்லை. ஆனால் கண்ணின் வெள்ளை மஞ்சளாவது அந்த மாத்திரையின் சாதாரண நிறமாற்றம் இல்லை, அது காமாலையாக இருக்கலாம். ஒன்றைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறார்கள், மற்றொன்றை "மாத்திரை கலர்தான்" என்று விடுகிறார்கள். இந்த ஒரு வித்தியாசத்தை மாத்திரை அட்டையிலேயே தமிழில் படம் போட்டு அச்சடித்தால் என்ன செலவாகும்?

அவர் நிறுத்திய மூன்று வாரத்தில் சீந்தில் கொடிப் பொடி சாப்பிட்டிருக்கிறார், சுகருக்கும் ஈரலுக்கும் நல்லதாம். மாற்று மருந்து 13.9 சதவீதம் என்று மேலே படித்தோமே, சீந்திலும் அந்தக் குடும்பம்தான். 2021-இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் எடுத்தபின் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். பயந்து விட்ட மருந்தின் இடத்தில் பயமில்லாமல் ஏறிய மருந்து. பெரியவர் இப்போது மறுபடியும் டிபி மாத்திரை சாப்பிடுகிறார், இந்த முறை எஸ்ஜிபிடி பார்த்துவிட்டு.

எதை எதனோடு நிறுப்பது

தராசின் மறு தட்டையும் பார்க்க வேண்டும். மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில், சளியில் கிருமி தெரிந்த டிபி நோயாளிகளில் பத்து வருடத்துக்குள் சுமார் 70 சதவீதம் பேர் இறந்தார்கள். டிபியோடு சுகரும் இருந்தால் சிகிச்சைக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு 1.89 மடங்கு என்று 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை சொல்கிறது. அதாவது சுகர்காரருக்கு டிபி மருந்து மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. 2.69-ஐத் தனியாகச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இந்த 1.89-ஐச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டத்தை இங்கே சொல்ல வேண்டும். எடை-உயர விகிதம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்ஸிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்ற ஐந்தை மட்டும் பார்த்து, யாரை உடனே அட்மிட் செய்ய வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். லேப் வேண்டாம், அதுதான் அதன் அழகு. கல்லீரலை அதில் சேர்க்கச் சொல்வது அந்த எளிமையைக் கெடுக்கும். நான் கேட்பது வேறு. டிபி நோயாளிகளுக்கு நிக்ஷய் பதிவேடு இருக்கிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே சுகர் மாத்திரை கொண்டுபோகிறது, அதற்கும் பதிவு இருக்கிறது. ஐஸ்லாந்து இரண்டு பட்டியலை இணைத்துத்தான் தன் பகுதியைக் கண்டுபிடித்தது. நம்மிடமும் இரண்டு பட்டியல் இருக்கிறது. சுகர் உள்ள டிபி நோயாளிக்கு ஆரம்பத்தில் ஒரு எஸ்ஜிபிடி, அதை எழுத ஒரு கட்டம். பெயர்களை நீக்கிவிட்டு இணைத்தால், நுரையீரல் டிபிக்கு 1986-இல் 2 முதல் 8 என்று சொன்ன சென்னை, சுகர் உள்ளவர்களுக்கு எத்தனை என்றும் சொல்லிவிடும்.

அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. 2010 முதல் நடக்கும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில், மருந்தால் பாதிப்பு வந்தால் நோயாளியே நேரடியாகப் புகார் தரலாம், 1800-180-3024 என்ற இலவச எண்ணில். எந்த ஆன்டிபயாடிக், எந்தத் தேதி, சுகர் மாத்திரை எது, கூட என்ன பொடி, கஷாயம் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தால் போதும். அடுத்த டாக்டருக்கு அந்தச் சீட்டு 2.69-ஐ விட அதிகம் உதவும்.